கடலை அடித்தவள்

சிதம்பரம் கீழவீதிக்குப் பின்னால் ஒரு சந்து. அந்தச் சந்தில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடம். வருகிறவர்கள் செருப்பைக் கழற்றுவதற்கு முன்னாலேயே தலையை நீட்டி, "பவானியம்மா இருக்காங்களா?" என்று கேட்பார்கள். இல்லை என்றால், "அப்ப சாயந்திரமா வர்றோம்" என்று திரும்பிவிடுவார்கள். வெறும் வயிற்றில் எடுக்க வேண்டிய ரத்தத்தைச் சாயந்திரம் எடுக்க முடியாது என்று எத்தனை தரம் சொன்னாலும் கேட்கிற ஜனமா நம் ஜனம்? இது 2012 நிலவரம்.

இப்பேர்ப்பட்ட பவானி நடுவில் இரண்டு வருஷத்துக்கு மேல் ஊசியைக் கையால் தொடாமல் இருந்தாள் என்றால் அந்தச் சந்தில் ஒருவரும் நம்ப மாட்டார்கள். வேலை மறந்துபோகவில்லை. தன் கையின் மேல் அவளுக்கு நம்பிக்கை போய்விட்டது, அவ்வளவுதான். போன நம்பிக்கை யாரால் திரும்பி வந்தது என்று கேட்டால், செத்து ஆயிரக்கணக்கான வருஷம் ஆன ஒரு பாரசீக ராஜாவால் என்றுதான் சொல்ல வேண்டியிருக்கிறது. சிரிக்க வேண்டாம். முழுக்கக் கேட்டுவிட்டுச் சிரிக்கலாம்.

பவானி மேல்பட்டாம்பாக்கத்துப் பெண். கரும்பு ஆலையில் வண்டிகளை எடை போடும் இடத்தில் வேலை பார்த்த சுப்பராயலுவின் மூத்த மகள். அவளுக்குக் கீழே ஒரே தம்பி, இளவரசு. லேப் டெக்னீசியன் படிப்பு முடித்து, கடலூரில் ஒரு கிளினிக்கில் வேலைக்குச் சேர்ந்தாள். சில பேர் கையில் நரம்பு இருக்கிறதா என்றே சந்தேகமாக இருக்கும். அப்படிப்பட்ட கையையும் அவள் விரலால் மெல்லத் தடவிப் பார்த்து, இங்கேதான் என்று பிடித்துவிடுவாள். டாக்டரே தன் குழந்தைக்கு ரத்தம் எடுக்க அவளைத்தான் கூப்பிடுவார்.

2004 தை மாதத்தில் கல்யாணம். மாப்பிள்ளை பெண்ணாடத்துத் தேவநாதன். திருவந்திபுரம் பெருமாளுக்கு நேர்ந்துகொண்டு பெற்ற பிள்ளை, அதனால் அந்தப் பெயர். வீட்டில் எல்லோரும் கரும்போடு கிடக்க, இவர் ஒருத்தர் மட்டும் வரலாறு படித்துக் கடலூரில் ஒரு தனியார் கல்லூரியில் விரிவுரையாளர் ஆனார். "கரும்பைக் கட்டியிருந்தா கட்டுக்கு ஒரு வெலை கெடைக்கும். இவன் செத்த ராஜாவையெல்லாம் கட்டி அழுவறான்" என்பாள் அவருடைய அக்கா லோகநாயகி. மற்றபடி தங்கமான மனுஷர். சிகரெட், சீட்டு, குடி எதுவும் கிடையாது. ஒரே ஒரு கெட்ட பழக்கம், சினிமாக் கொட்டகையில் வாயை மூட மாட்டார்.

கல்யாணமான புதிதில் ஒரு ராஜா கதைப் படத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். அரண்மனை விருந்துக் காட்சியில் தட்டு நிறைய மிளகாய் பஜ்ஜி வந்தது. உடனே, "பொய்யி! சோழன் காலத்துல ஏது மொளகா? அது கப்பல்ல வந்து எறங்கியே ஐந்நூறு வருஷம்தான் ஆவுது" என்றார் கொட்டகைக்கே கேட்கிற மாதிரி. பின்வரிசையிலிருந்து ஒருவன், "யோவ் வாத்தியாரே, படத்தப் பாக்க உடுய்யா!" என்றான். பவானிக்கு மானம் போயிற்று. அன்றைக்கே ஒரு சட்டம் போட்டாள்: ஒரு 'பொய்யி'க்குத் தொடையில் ஒரு கிள்ளு. படம் விட்டு வெளியே வரும்போது அவர் தொடை எரியும், ஆனால் வாய் அடங்காது. கேப்பையில் நெய் வடிகிறது என்று ஒருவன் சொன்னால் கேட்டுக்கொண்டு சும்மா இருக்க அவரால் முடியாது. அதைத்தான் அவளுக்குப் பிடிக்கவும் செய்தது. எந்தக் கேள்வி கேட்டாலும் இந்த மனுஷர் வாயிலிருந்து நடந்ததுதான் வரும்.

அப்போது தேவனாம்பட்டினம் போகிற சாலையில் வாடகை வீடு. இளவரசு கடலூரில் ஒரு கூரியர் ஆபீஸில் வேலைக்குச் சேர்ந்து, அக்கா வீட்டிலேயே தங்கியிருந்தான். "மாமா, மாமா" என்று தேவநாதனைச் சுற்றிச் சுற்றி வருவான். அந்த வருஷம் டிசம்பர் கடைசி ஞாயிற்றுக்கிழமை காலையில், "மாமா, கிரிக்கெட்டுக்கு வர்றீங்களா?" என்று கேட்டான். "பரீட்சை பேப்பர் கெடக்குது மச்சான், நீ போயிட்டு வா" என்றார் அவர். இளவரசு மட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு கடற்கரைக்குப் போனான். அன்றைக்குக் கடல் என்ன செய்தது என்பதைக் கடலூர்க்காரர்களுக்கு யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

உடம்பு கிடைத்தது. கிடைத்ததே பெரிது என்றார்கள். தகனம் செய்து, கருமாதி அன்றைக்கு அஸ்தி கரைக்க வேண்டும். எங்கே கரைப்பது? வழக்கம் கடல்தான். சுப்பராயலு பானையைத் தூக்கிக்கொண்டு நடந்தார். உறவுக்காரர்கள் பின்னால் போனார்கள். கரை முழுக்க உடைந்த படகு, கிழிந்த வலை, அங்கங்கே கூட்டமாக உட்கார்ந்து அழுகிற குப்பத்து ஜனம். கடலோ ஒன்றும் தெரியாத பாப்பா மாதிரி சின்னச் சின்னதாக அலையடித்துக்கொண்டிருந்தது.

அதைப் பார்த்ததும்தான் பவானிக்கு ஆத்திரம் வந்தது. "அவனைத் தின்னது பத்தாதுன்னு மிச்சத்தையும் இதுக்கே குடுக்கணுமா?" என்று கத்தினாள். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கினாள். காலில் கிடந்த செருப்பைக் கழற்றிக் கடலை அடித்தாள். வலது கை ஓங்கி ஓங்கி, ஒவ்வொரு அலையாக, வருகிற அலையையெல்லாம் அடித்தாள். பிறகு ஈர மண்ணை இரண்டு கையாலும் வாரித் தூற்றி, "வத்திப் போ! நீ வத்திப் போ!" என்று சாபம் விட்டாள். எவ்வளவு நேரம் என்று அவளுக்குத் தெரியாது. கை ஓய்ந்து திரும்பிப் பார்த்தபோது, எல்லோரும் தூரத்தில் வளையமாக நின்றார்கள். ஒருவர்கூடக் கிட்ட வரவில்லை. வெறி பிடித்த நாயைச் சுற்றி நிற்கிற மாதிரி நிற்கிறார்கள் என்று அவளுக்குப் பட்டது. அந்தப் படம் அப்படியே மனசில் ஒட்டிக்கொண்டது.

அன்று சாயந்திரம் அடுப்படியில் லோகநாயகி யாரிடமோ, "புத்தி பேதலிச்சுடுச்சு" என்று சொன்னதும் காதில் விழுந்தது. மறுநாள் லோகநாயகியே எங்கேயோ போய் மந்திரித்துத் தாயத்து வாங்கி வந்து பவானியின் கையில் கட்டிவிட்டாள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? கடலைச் செருப்பால் அடித்த பெண் என்று நாலு பேர் பேசத்தான் செய்தார்கள்.

வேலைக்குத் திரும்பிய அன்று ஒரு கைக்குழந்தைக்கு ரத்தம் எடுக்க வேண்டியிருந்தது. ரப்பரைக் கட்டினாள், பஞ்சால் துடைத்தாள், ஊசியை எடுத்தாள். எடுத்த கை அதே வலது கை. இந்தக் கை அன்றைக்கு நம்மைக் கேட்டா ஓங்கியது? இன்றைக்கு மட்டும் கேட்கும் என்று என்ன நிச்சயம்? ஊசியைத் தட்டிலேயே வைத்துவிட்டு வெளியே போனவள்தான், அந்தக் கிளினிக்குக்குத் திரும்பவில்லை.

ராத்திரியானால் வீட்டில் அலைச் சத்தம் வேறு. தேவநாதன் ஒரு வார்த்தை பேசாமல் சிதம்பரத்தில் வீடு பார்த்தார். தினமும் கடலூருக்குப் பஸ்ஸில் போய்வந்தார். பவானிக்குக் கீழவீதிச் சந்துக் கூடத்தில் வேலை கிடைத்தது. கையில் நரம்புத் தளர்ச்சி, நுண்ணோக்கி வேலை மட்டும் பார்க்கிறேன் என்று ஒரு பொய் சொல்லிச் சேர்ந்தாள். ரத்தம் எடுக்கிற வேலையைப் பொன்னி என்கிற சின்னப் பெண் பார்த்துக்கொண்டாள். பொன்னி எடுத்துக் கொடுப்பதைப் பவானி கண்ணாடித் துண்டில் தடவிப் பார்த்துச் சொல்வாள். சாவியை எங்கேயாவது வைத்து மறந்தால், பாலை அடுப்பில் பொங்க விட்டால், ஆரம்பித்துவிட்டதோ, புத்தி போகிறதோ என்று பயப்படுவாள். இதையெல்லாம் புருஷனிடம் சொன்னாளா என்றால் இல்லை. அவராவது கேட்டாரா என்றால் அதுவும் இல்லை. கொட்டகையில் அடங்காத வாய் வீட்டில் அந்த ஒரு விஷயத்தில் மட்டும் பூட்டுப் போட்டுக்கொண்டு கிடந்தது.

2007-ல் ஒரு ஆங்கிலப் படம் தமிழ் பேசிக்கொண்டு சிதம்பரத்துக்கு வந்தது. கிரேக்கர்களுக்கும் பாரசீகர்களுக்கும் நடந்த சண்டையை வைத்து எடுத்த படம். தேவநாதனின் மாணவர்கள் எல்லோரும் பார்த்துவிட்டு வந்து, "சார், அதெல்லாம் நெசமா சார்?" என்று துளைத்திருக்கிறார்கள். பார்க்காமல் எப்படிப் பதில் சொல்வது? அந்த வாரம் பார்த்து லோகநாயகி பெண்ணாடத்திலிருந்து வந்திருந்தாள். சர்க்கரை ஏறியிருக்கிறது, டாக்டர் ரத்தம் பார்த்துவிட்டு வரச் சொல்லியிருக்கிறார். மறுநாள் காலையில் டெஸ்ட். அன்று மத்தியானம் சும்மாதானே இருக்கிறோம் என்று, கையில் ஒரு பொட்டலம் வறுத்த மல்லாட்டையோடு, அதாவது வேர்க்கடலையோடு, அவளும் படத்துக்குக் கிளம்பிவிட்டாள்.

படம் ஆரம்பித்ததுமே தேவநாதனும் ஆரம்பித்துவிட்டார். கிரேக்க வீரர்கள் திறந்த மார்போடு மலையிலிருந்து குதித்தார்கள். "பொய்யி! வெண்கலத்துல கவசம் போட்டிருந்தாங்க. இப்பிடிப் போனா மொத அம்புலயே முடிஞ்சுது கதை." ஒரு கிள்ளு. பாரசீகப் படையில் யானைகள் வந்தன. "பொய்யி! அந்தச் சண்டைக்கு ஆனையே போவல." ஒரு கிள்ளு. மொட்டைத் தலையும் மூக்கில் வளையமுமாக ராஜா வந்தான். "பொய்யி! நெஞ்சு வரைக்கும் தாடி. அவங்களே கல்லுல செதுக்கி வெச்சிருக்காங்க, போயிப் பாத்தா தெரியுது." ராஜா படையில் இந்தியர்கள் என்று சிலர் பாம்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு வந்தபோது அவருக்குத் தாங்கவில்லை. "போனாங்க, நெசந்தான். வடக்க இருந்து போனாங்க. பருத்தித் துணி கட்டிக்கினு நாணல் வில்லோட போனாங்க. பாம்பு எங்கேருந்துடா வந்துது?"

"ராஜா பேரு என்னாடா?" என்றாள் லோகநாயகி.

"செர்க்சஸ், அக்கா."

"செருக்கன்தான். மூஞ்சியப் பாத்தாலே தெரியுது."

இடைவேளைக்குப் பிறகு அந்தக் காட்சி வந்தது. ராஜா தன் படை கடலைத் தாண்டுவதற்காகப் படகுகளை வரிசையாகக் கட்டிப் பாலம் போடுகிறான். புயல் வந்து பாலத்தை அடித்துக்கொண்டு போகிறது. ராஜா கரையில் நின்று பல்லைக் கடிக்கிறான். கையை ஓங்கி, "கடலை அடியுங்கள்! முந்நூறு அடி!" என்று கர்ஜிக்கிறான். வீரர்கள் சாட்டையோடு தண்ணீரில் இறங்கி அலைகளை விளாசுகிறார்கள்.

தமிழில் 'கடலை' என்றால் இரண்டு பொருள் என்பது வசனம் எழுதியவருக்கு அந்த நேரத்தில் ஞாபகம் வரவில்லை போலிருக்கிறது. சுற்றிலும் மல்லாட்டை விளைகிற ஊர்ப்பக்கம் இது. முன்வரிசையிலிருந்து ஒரு குரல், "வறுத்தாச்சா அண்ணே?" என்றது. இன்னொருத்தன், "மெல்லமா அடிங்கடா, பருப்பு ஒடைஞ்சிடப் போவுது!" என்றான். கொட்டகையே குலுங்கியது. "லூசு ராஜாடா!" என்று யாரோ கத்த, விசில் பறந்தது.

பவானி சிரிக்கவில்லை. அவள் விரல் புருஷன் தொடையின் மேல் தயாராக இருந்தது. 'பொய்யி' என்று சொல்லப்போகிறார், இதோ சொல்லப்போகிறார் என்று காத்திருந்தாள். அவர் சொல்லவில்லை. நேராகத் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அடுத்த காட்சிக்கும் அதற்கடுத்த காட்சிக்கும்கூட வாயைத் திறக்கவில்லை.

படம் முடியும் வரை அவளுக்கு அதே நினைப்புதான். நம்மைப் பார்த்துப் பாவப்பட்டு மனுஷர் வாயை அடக்கிக்கொண்டார். அப்படியானால் அது பொய்தான். பொய் என்றால், உலகத்திலேயே கடலை அடித்தவள் நான் ஒருத்திதான். சரி, நிஜம் என்றே வைத்துக்கொண்டால்? ஊரே விசிலடித்துச் சிரிக்கிற லூசு ராஜாவுக்கு நான் ஜோடி. எந்தப் பக்கம் விழுந்தாலும் அடி தனக்குத்தான் என்று அவளுக்குத் தோன்றியது. ஆனாலும் தெரிந்துகொள்ளாமல் இனி இருக்க முடியாது என்றும் தோன்றிவிட்டது.

கொட்டகைக்கு எதிரே ஒரு ஓட்டலில் மூன்று பேரும் உட்கார்ந்தார்கள். பவானிக்கும் தேவநாதனுக்கும் காபி. லோகநாயகிக்குச் சர்க்கரை போடாத டீ, அதை அவள் கஷாயம் குடிக்கிற முகத்தோடு குடித்தாள்.

"என்னங்க," என்றாள் பவானி. "அது பொய்யா, நெசமா?"

"எது?"

"கடலை அடிச்சது."

தேவநாதன் டம்ளரைக் கீழே வைத்தார். "தெரியல" என்றார்.

ஒரு படத்தைப் பற்றி அவர் வாயிலிருந்து அந்த வார்த்தையை அவள் கேட்டதே இல்லை. "தெரியலன்னா?"

"அந்தச் சண்டை முடிஞ்சு ஒரு தலைமுறைக்கு அப்புறம் ஒரு கிரேக்கன் எழுதி வெச்சிருக்கான். ராஜா முந்நூறு அடி அடிக்கச் சொன்னான், கைதிக்குப் பூட்டற வெலங்கைத் தூக்கிக் கடலுக்குள்ள போட்டான்னு எழுதியிருக்கான். எழுதினவன் எதிரி நாட்டுக்காரன். நம்ம ராஜாவைப் பத்தி எதிரி எழுதினா எப்பிடி எழுதுவான்? அதனால கட்டுக்கதையாவும் இருக்கலாம், நடந்தும் இருக்கலாம். நான் எப்பிடிப் பொய்யின்னு சொல்றது?" பிறகு, உண்மையைச் சொல்ல ஆரம்பித்தால் பாதியில் நிறுத்தத் தெரியாதவர் ஆகையால், "பாலம் கட்டினவங்க தலையையும் வெட்டினான்னு எழுதியிருக்கு" என்றார்.

"அடப்பாவி!" என்றாள் லோகநாயகி. "புயல் அடிச்சா கொத்தனாரு என்னாடா பண்ணுவான்?"

"நான் யாரு தலையையும் வெட்டல, அண்ணி" என்றாள் பவானி.

அது அவளை அறியாமல் வந்துவிட்டது. இரண்டு வருஷமாக அந்த வீட்டில் யாரும் தொடாத பேச்சு, ஓட்டல் மேஜையில் காபிக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிட்டது. வந்த பிறகு என்ன வெட்கம் என்று பவானியே தொடர்ந்தாள். "செருப்பால அடிச்சேன், அதோட சரி."

"படத்துல ஒண்ண உட்டுட்டாங்க பவானி" என்றார் தேவநாதன் மெதுவாக. "அடிச்சதோட அவன் நிக்கல. வேற ஆளை வெச்சு, கெட்டியா இன்னொரு பாலம் கட்டினான். படை தாண்டற அன்னிக்கு விடியக்காலையில அதே கடலுக்கு முன்னால நின்னு, தங்கக் கிண்ணத்துல மது ஊத்திப் படைச்சு, கிண்ணத்தையும் கத்தியையும் அதுலயே போட்டான். சூரியனைக் கும்பிட்டுப் போட்டானா, கடலை அடிச்சுட்டமேன்னு மனசு கேக்காம போட்டானா, எனக்குத் தெரியலைன்னு எழுதினவனே சொல்லியிருக்கான். அடிச்ச வரைக்கும் காட்டினா லூசு ராஜா. முழுசாக் காட்டினா கடலைத் தாண்டிப் போனவன்."

பவானி டம்ளரைக் கையில் உருட்டினாள். "அவனுக்குச் சுத்தி ஆளு இருந்துது. என்னைப் பாத்து எல்லாரும் தூரமா நின்னாங்க. ஒருத்தர் கிட்ட வரல. வெறிநாயப் பாக்கற மாதிரி நின்னாங்க."

"பொய்யி!"

ஓட்டலே திரும்பிப் பார்த்தது. கொட்டகையில் சொல்வதைவிடச் சத்தமாகச் சொல்லிவிட்டார்.

"யாரு சொன்னது அப்பிடின்னு? உங்கப்பா பானையைக் கீழ வெச்சுட்டு ஓடியாந்தாரு. உங்க சித்தப்பா ஓடியாந்தாரு. நான்தான் ரெண்டு கையையும் விரிச்சு அத்தினி பேரையும் மறிச்சேன். உடுங்க, அவ அடிக்கட்டும், யாரும் தொடக் கூடாதுன்னு சொன்னேன். அதனால நின்னாங்க. பயந்துகிட்டு நிக்கல. நீ கடலைப் பாத்துக்கினு இருந்த, உன் முதுகுக்குப் பின்னாடி நடந்தது உனக்கு எப்பிடித் தெரியும்? குப்பத்து அம்மாங்க எழுந்து வந்து, உன் பின்னாடி நின்னு அவங்களும் மண்ணை வாரித் தூத்தினாங்க. 'நல்லாக் கேளு தாயி, எங்களுக்கும் சேத்துக் கேளு'ன்னு ஒரு அம்மா கத்தினாங்க. நீ திரும்பறதுக்குள்ள அவங்க உக்காந்துட்டாங்க."

பவானி டம்ளரைக் கீழே வைத்தாள். "இத்தினி நாளா ஏங்க சொல்லல?"

"நீ கேக்கல. கேக்காததைக் கிளறினா தாங்குவியோ மாட்டியோன்னு..." அவர் மேஜையைத் துடைக்கிற மாதிரி கையால் தடவினார். "அவன் எனக்கும் மச்சான் தானே. கூப்பிட்டான், நான் போவல. அந்தப் பேச்சை எடுத்தா அதுவும் வரும்."

அவள் லோகநாயகி பக்கம் திரும்பினாள். சாட்சி வேண்டுமே. புருஷன் பொய் சொல்ல மாட்டார் என்று தெரியும், ஆனாலும் இன்னொரு வாயால் கேட்க வேண்டும்.

"அத்தினியும் நெசம்டி" என்றாள் லோகநாயகி. "நானும் உன்னைப் புடிக்கத்தான் வந்தன். இவன் என் மணிக்கட்டைப் புடிச்சு நிறுத்தினான் பாரு, வளையல் ஒடைஞ்சுது."

"நீங்கதான அண்ணி அடுப்படியில புத்தி பேதலிச்சுடுச்சுன்னு சொன்னீங்க?"

"சொன்னன். இல்லங்கலையே. எல்லாருக்கும் புத்தி பேதலிச்சுடுச்சுன்னு சொன்னன். அன்னிக்கு யாருக்குத்தான் பேதலிக்கல? உங்கப்பா பையன் சட்டையப் போட்டுக்கினு வாசல்ல உக்காந்திருந்தாரு. இவன் பரீட்சை பேப்பருக்கெல்லாம் பூஜ்யம் போட்டு வெச்சிருந்தான், அப்புறம் நான் பாத்து எடுத்து உள்ள வெச்சன். நான் ஒலையில அரிசி போடாம தண்ணியக் கொதிக்க உட்டுட்டு உக்காந்திருந்தன். உன் காதுல பாதிதான் உழுந்துதா? மீதியை வந்து கேக்கறதுக்கு என்னாடி? தாயத்து கட்டினது நீ பயந்து போயி ராத்திரில ஒளர்னதுக்கு. பயித்தியத்துக்கு யாரு தாயத்து கட்டறாங்க?"

பவானிக்கு அழுகை வந்துவிட்டது. எத்தனையோ நாள் தூங்காதவளுக்குத் திடீரென்று தூக்கம் வருகிற மாதிரி, சுகமாக வந்தது. பார்த்துக்கொண்டிருந்த லோகநாயகியும் மூக்கை உறிஞ்சினாள். உறிஞ்சிக்கொண்டே மடியிலிருந்த பொட்டலத்தைப் பிரித்து மேஜையின் மேல் கொட்டினாள்.

"அழுவாத. இந்தா கடலை. எவ்ளோ வேணுமோ அடி."

ஒரு நொடி ஒன்றும் புரியவில்லை. பிறகு பவானி சிரித்தாள். கண்ணில் தண்ணீர் நிற்காமல் சிரித்தாள். "மெல்லமா அடிக்கணும் அண்ணி, பருப்பு ஒடைஞ்சிடும்" என்று சொல்லிவிட்டு மறுபடியும் சிரித்தாள். தேவநாதனும் சிரித்தார். பில் கொண்டுவந்தவர் இந்தக் குடும்பத்துக்கு என்ன வந்தது என்று விழித்துவிட்டுப் போனார். தம்பி போன துக்கம் போகவில்லை, அது போகிற துக்கமும் இல்லை. ஆனால் அதன் மேல் உட்கார்ந்திருந்த இன்னொரு பாரம் அந்த மேஜையிலேயே இறங்கிவிட்டது.

மறுநாள் காலையில் லோகநாயகி வெறும் வயிற்றோடு பரிசோதனைக் கூடத்துக்கு வந்து உட்கார்ந்தாள். பொன்னி அவள் கையைத் தட்டிப் பார்த்தாள், தடவிப் பார்த்தாள், இன்னொரு கையை நீட்டச் சொன்னாள். கரும்புக் கொல்லையில் உழைத்துத் தடித்த கை, மேலே சதை வேறு. நரம்பு எங்கே என்றே தெரியவில்லை. இரண்டு இடத்தில் குத்தியும் வரவில்லை. பொன்னிக்கு முகம் வாடிப்போயிற்று.

"நீ எழுந்திரும்மா, உன் மேல தப்பில்ல" என்றாள் லோகநாயகி. "பவானி, நீ வா."

நுண்ணோக்கியிலிருந்து பவானி தலையைத் தூக்கினாள். "வேணாம் அண்ணி. கை நடுங்கும்."

"நடுங்கட்டும். நானும் கூடச் சேந்து நடுங்கறன். எனக்குப் பசி உயிர் போவுது, சீக்கிரம் வா."

பவானி எழுந்து வந்தாள். கை கழுவினாள். ரப்பரை எடுத்து அண்ணியின் புஜத்தில் கட்டினாள். லோகநாயகி வாயால் வீரம் பேசினாளே தவிர, கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். பவானி வலது கையைப் பார்த்தாள். இது ஓங்கியபோது தடுக்க வந்தவர்களை ஒருவர் கை விரித்து நிறுத்தினார், அடிக்கட்டும் என்றார். பின்னால் நின்றவர்கள் எங்களுக்கும் சேர்த்துக் கேள் என்றார்கள். தன் கையை நினைத்து இனிப் பயப்பட ஒன்றுமில்லை என்று அவளுக்கு இருந்தது. விரலை முழங்கை மடிப்பில் வைத்து மெல்லத் தடவினாள். சதைக்கு அடியில், ஆழத்தில், நூல் மாதிரி ஒன்று தட்டுப்பட்டது. பஞ்சால் துடைத்தாள். பக்கத்தில் பொன்னி பார்த்துக்கொண்டு நின்றாள்.

"குத்தறதுக்கு முன்னாடி ஒரு வார்த்த சொல்லுடி" என்றாள் லோகநாயகி, கண்ணைத் திறக்காமல். "திருவந்திபுரம் பெருமாள வேண்டிக்கணும்."

"பஞ்ச அழுத்திப் புடிச்சுக்குங்க, அண்ணி" என்றாள் பவானி, ரத்தம் நிறைந்த குழாயைப் பொன்னியிடம் நீட்டிக்கொண்டே.